நாங்கள் கட்டிய குவைத் வீடு

நான் குவைத்துக்குப் போனதில்லை. ஆனாலும் அங்கே ஒரு வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். உயரமான சுவர், சுவரின் மேல் கம்பி, காலை ஐந்தரைக்கு எழுப்பும் மணி, பகலிலும் பூட்டிய கதவு. அந்த நாட்டின் எந்தத் தெருவில் தேடினாலும் அந்த வீடு கிடைக்காது. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், சில பெண்கள் சேர்ந்து சொன்ன பொய்யில் மட்டும் அது நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி.

சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களை வாசலில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போய் வீட்டில் சேர்ப்பதை நாங்கள் நாலைந்து பேர் செய்துவந்தோம். இன்னும் செய்கிறோம். பள்ளிக்கூட விடுமுறைகளில் நான் போவேன், மற்ற நாட்களில் மற்றவர்கள். சேர்த்த பிறகுதான் வேலையே தொடங்கும். கிராம சேவகரிடம் கூடவே போக வேண்டும். மறுபடி கொழுந்தெடுக்க விடும்படி தோட்ட நிர்வாகத்திடம் பேச வேண்டும். கோயில் கமிட்டிக்காரர் காதில் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும். ஆண் திரும்பி வந்தால் லயம் ஒரு மாதம் முணுமுணுக்கும், பிறகு அவனோடு உட்கார்ந்து கரம்போர்ட் விளையாடும். பெண் திரும்பி வந்தால் அவளுக்கு யாரும் உட்காரப் பலகை போட மாட்டார்கள்.

நாங்கள் அப்படிச் சேர்த்தவர்களில் ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்தவள். தெரிந்தவன் ஒருவன் ஒரு பார்சலைக் கொடுத்து, பஸ் ஏறிப் போய் இன்ன இடத்தில் கொடுத்துவிடு என்றான். வழியில் பொலிஸ் பிரித்தது. உள்ளே தூள். எட்டு வருடம். போனபோது மகளுக்குப் பத்து வயது. கணவன் அதற்கு முன்பே வேறொரு தோட்டத்தில் வேறொரு குடித்தனத்துக்குப் போயிருந்தான். மகளை வளர்த்தது அவளுடைய அக்கா.

விடுதலைக்கு ஒரு மாதம் இருக்கையில் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். என்னை வெளியே முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

“டீச்சர், ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. அவ அம்மா குவைத்துல இருக்கான்னுதான் புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

“எட்டு வருசமாவா?”

“வேற என்னத்தச் சொல்ல? இங்கேருந்து காணாமப் போற பொம்பள எல்லாம் அங்கதானே இருக்காளுக. ஒருத்தியும் திருப்பிக் கேக்கல. போன் ஏன் எடுக்கலன்னா, அந்த வீட்டு மேடம் புடுங்கி வச்சிக்கிட்டான்னு சொல்லிட்டேன். தீவாளிக்குத் தீவாளி அம்மா அனுப்புச்சுன்னு ஒரு சட்டை.”

அங்கேயே நான் மறுத்திருக்க வேண்டும். எழுதும்போது எவ்வளவு எளிதாக வருகிறது இந்த வாக்கியம். அன்று எனக்குத் தோன்றியது வேறு: எப்படியும் அவள் ஒரு கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அந்தக் கதவு ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. திறப்பதில் என்ன குற்றம்?

வெளிநாட்டிலிருந்து வருகிறவளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வேன் பிடித்துத்தான் வர வேண்டும். கோயில் வளைவில் வேனை நிறுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும். லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு சோப்பாவது கொடுக்க வேண்டும். அந்தச் சோப்பை வாங்கிக்கொண்ட வீடு அதற்குப் பிறகு அவளை வெளியாளாகப் பார்க்காது. ஆகவே ஹட்டன் கடைத்தெருவில் பெரிய பெட்டி ஒன்று, சோப்பு இரண்டு டசின், பால்மா டின், பூப்போட்ட தடித்த போர்வை, டொபி மிட்டாய் பக்கெட். எல்லாம் ஒரு வாரம் என் அலுமாரியில் கிடந்தன. “ஏர்போட்டுக்கு நானும் வரேன் மிஸ்” என்றாள் மகள். “உள்ள விட மாட்டாங்க” என்றேன். அது நானாகச் சொன்னது. அக்கா சொல்லித் தந்ததல்ல.

சிறை வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு மலையேறினோம். வேனில் உட்கார்ந்து இருவரும் சாமான்களில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளை நகத்தால் சுரண்டினோம். கித்துல்கலை தாண்டியதும் அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்:

“டீச்சர், மேடத்துக்கு எத்தனை புள்ளைக?”

“ரெண்டுன்னு சொல்லுங்களேன்.”

“ரெண்டு பத்தாது. நாலு வையுங்க. எட்டு வருசத்துக்கு வேலை வேணாமா?”

சிரித்தாள். அவள் சிரித்து நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அந்தச் சிரிப்பில் நானும் ஏறிக்கொண்டேன். நாலு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தோம். கடைசிப் பெண்ணுக்கு இழுப்பு நோய் என்று முடிவு செய்தோம். தூக்கியே வைத்திருக்க வேண்டிய பிள்ளை, அதனால்தான் மேடம் ஊருக்கு அனுப்பவில்லை.

வளைவில் தேங்காய் சரியாக இரண்டாக உடைந்தது. லயமே வெளியே நின்றது. மகள் அம்மாவைவிட ஒரு பிடி உயரம். அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், எண்ணுகிறவளைப் போல.

“நல்லா வெளுத்துல்ல வந்திருக்கா” என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

“ஏசிக்குள்ளயே இருந்தா, வெயில எங்க காண?” என்றாள் அக்கா, மூச்சுவிடாமல்.

அன்று மாலை பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி உண்மையாகவே குவைத்தில் இரண்டு வருடம் இருந்து வந்தவள்.

“எந்தப் பக்கம் இருந்த?” என்று அவள் கேட்டாள்.

“ஊர் பேரா? வெளிய விட்டாத்தானே பேரு தெரியும். சுவரு இம்மாம் ஒசரம். மேல கம்பி. அஞ்சரைக்கு மணியடிச்சா எழும்பணும். கதவ அவங்கதான் தொறக்கணும், அவங்கதான் சாத்தணும்.”

குவைத்துக்காரி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு தேநீரை ஊதினாள்.

“உண்மதான். ரெண்டு வருசத்துல நானும் ஒரு தெருவப் பாக்கல.”

அன்று நான் பயந்தது மாட்டிக்கொள்வோம் என்பதால் அல்ல. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சிறை குவைத்தாகிவிட்டதே, அதனால்.

ஐந்தாறு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பதிவில்லாமல் அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கைக்காசு ஆளாகக் கொழுந்தெடுக்கப் போனாள். எங்கள் கூட்டத்தில் நான் பெருமையடித்தேன்: இப்படிக் கொண்டுவந்து சேர்த்தால் எப்படிச் சேர்ந்துகொள்கிறார்கள் பாருங்கள் என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கொட்டகலையில் என் வீட்டு வாசலில் அவள் நின்றாள். வேலைக்காட்டுச் செருப்போடேயே வந்திருந்தாள்.

“புள்ள பாஸ்போட்டுக்குப் போட்டோ புடிச்சிட்டா டீச்சர்.”

வேலைக்கு ஆள் பிடிக்கிறவன் லயத்துக்கு வந்திருக்கிறான். பதினெட்டு வயது போதாது என்றால், வயதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறான். போகவேண்டிய இடம் குவைத்.

“அந்தச் சுவரு, பூட்டு எல்லாம் சொன்னீங்கதானே?”

“உள்ளத உள்ளபடி சொன்னேன். ஒன்னுக்கும் பயப்பட மாட்டேங்குறா. ‘எட்டு வருசம் நீங்க இருந்தீங்க, செத்தா போனீங்க? பொட்டியோடதானே வந்தீங்க’ங்குறா.” வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எனக்காச்சும் இத்தனை வருசம்னு தீர்ப்பு இருந்துச்சு. இன்ன தேதிக்குக் கதவு தொறக்கும்னு தெரியும். இவ போற வீட்டுல யாரு டீச்சர் தேதி சொல்லுவா?”

வேறொரு பொய் தேடினேன், சொல்லிவிடுகிறேன். குவைத்தை இன்னும் கொடிய ஊராக்கலாமா என்று. முடியவில்லை. கொடியது எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அது மகளுக்கு ஒரு வேலையாகத்தான் கேட்டிருக்கிறது. மீதியிருந்தது உண்மை மட்டும். அதைச் சொன்னால் லயம் தெரிந்துகொள்ளும், மகள் அவளை வெறுத்துப் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் மகள் போய்விடுவாள், குவைத்துக்கு.

“நானே சொல்லிடுறேன்” என்றாள். “நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனி வாசல்வரை வந்து நின்றது. காம்பராவுக்குள் நாங்கள் நாலு பேர். அவள் இரண்டே வரியில் சொல்லி முடித்தாள்.

மகள் சிரித்துவிட்டாள்.

“நல்லாருக்கும்மா. என்னப் போக விடாம வைக்க, ஜெயிலுக்குப் போனேன்னு சொல்றீங்களா? எந்த அம்மாவாச்சும் இப்புடிச் சொல்லுவாங்களா?” என் பக்கம் திரும்பினாள். “மிஸ், ஏர்போட்டுக்கு நீங்கதானே போனீங்க. நீங்க சொல்லுங்க.”

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள்.

“ஏர்போட்டுக்குப் போகல” என்றேன். “ஜெயில் வாசலுக்குத்தான் போனேன்.”

மகளின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அது கொஞ்ச நேரம் ஆளில்லாமல் இருந்தது.

“அந்தப் போர்வை?”

“ஹட்டன்ல வாங்கினது.”

“சோப்பு?”

“ஹட்டன்.”

“தீவாளிச் சட்டை?”

“ஹட்டன்தான்டி” என்றாள் அக்கா அடுப்பைப் பார்த்தபடியே.

“அந்த இழுப்புக்காரப் புள்ள?”

பதிலுக்குக் காத்திராமல் மகள் எழுந்து வெளியே போனாள். வாளியில்லாமல் பீலிக்கரையில் போய், விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் குவைத்துக்குப் போகவில்லை. லயத்துக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. பாதி தேய்ந்த சோப்பைத் திண்ணையில்லாத அந்த வாசலில் வைத்துவிட்டுப் போன வீடும் உண்டு. குவைத்துக்காரி மட்டும் வழக்கம்போல் மாலையில் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறாள். எதையும் கேட்பதில்லை.

இப்போது சிறை வாசலில் யாரைச் சந்தித்தாலும் நான் முதலில் கேட்பது, வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதான். நல்ல கேள்வி. அதனால் என் பாரம் ஒன்றும் குறையவில்லை. ஐந்தாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, இல்லாத அந்த நாலு பெயர்களும் நாக்குவரை வந்து நிற்கின்றன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசிப் பெண் இன்னும் யார் தோளிலோ கிடக்கிறாள். இறக்கிவிட எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் நோர்வூட் பக்கம் போனபோது அவளைப் பார்த்தேன். மகள் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். நாங்கள் தோட்டத்துச் சந்தியில், தேயிலைச் சரிவுக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம்.

“பேசுறாளா?”

“இல்ல டீச்சர். சோத்தப் போட்டு வச்சா திங்கிறா. துணியத் தொவச்சு வச்சா உடுத்துறா. அம்மாங்குற வார்த்த மட்டும் வர்றதில்ல.”

நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் டீச்சர். நீங்க பேசுனது போதும்.” குரலில் கோபமில்லை. “பேசாட்டிப் போவுது. ஆறு மணி பஸ்சுல வந்துருறால்ல.”

தூறல் தொடங்கும்போது பஸ் வந்தது. மகள் இறங்கினாள். எங்களைப் பார்த்தாள், பார்க்காதவளைப் போல் குடையை விரித்துக்கொண்டு லயத்துப் பாதையில் ஏறத் தொடங்கினாள். அம்மா கல்லிலிருந்து எழுந்தாள். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பத்தடி பின்னால், அந்தப் பத்தடியைக் குறைக்காமல், கூட்டாமல், நனைந்துகொண்டே ஏறினாள்.