மூன்றாம் நாளில் நிறுத்திய குடுவை

என் அக்காவைத் தெருவில் எல்லாரும் பூஞ்சைக்காரி என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அதில் கோபமே கிடையாது. ரொட்டியில் பூஞ்சை வந்தால் ஊரார் தூக்கி எறிவார்கள். இவள் இருபத்திரண்டு வருஷமாக அதை வளர்த்துச் சம்பளம் வாங்கினாள். பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஆய்வறையில் உதவியாளர் வேலை.

அது என்ன வேலை என்று எனக்குப் புரியவைத்ததும் அவள்தான். நாம் விழுங்கும் எதையும் கல்லீரல் சும்மா விடாது. கொஞ்சம் வெட்டும், கொஞ்சம் ஒட்டும், வேறொன்றாக மாற்றித்தான் அனுப்பும். மண்ணில் வாழும் சில பூஞ்சைகளும் ஏறக்குறைய அதையே செய்கின்றன. செடியிலிருந்து எடுத்த சரக்கைப் பூஞ்சை வளரும் குடுவையில் விட்டு, அது என்னவாக மாறுகிறது என்று பார்த்தால், நம் உடம்புக்குள் என்ன நடக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். பூஞ்சை தீர்ப்புச் சொல்லாது, வழியைக் கை காட்டும், அவ்வளவுதான் என்பாள். ஆட்டும் இயந்திரத்தில் முப்பது குடுவைகள் ஓயாமல் குலுங்கிக்கொண்டிருக்கும். "என் முப்பது கல்லீரலும் அங்க ஆடிக்கிட்டு இருக்கு, நான் இங்க உக்காந்து திங்கறேன்" என்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சிரிப்பாள்.

எந்தச் சரக்கானாலும் ஏழு நாள் கணக்கு. தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, புதிதாக ஏதாவது புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பாள். புதுப் புள்ளி வந்தால் புதுப் பொருள் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். சில மாற்றங்கள் மெதுவாகத்தான் வரும், அவசரப்பட்டால் கோட்டை விட்டுவிடுவோம் என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறாள்.

அந்த ஆய்வறையை நடத்தும் பேராசிரியர்மேல் அவளுக்கு மலைபோல நம்பிக்கை. அவர் காக்கை வெள்ளை என்றால், எத்தனை காக்கை சார் என்று கேட்கிற ரகம். நான் கிண்டல் செய்தால் மட்டும் முகம் சுருங்கும்.

மூட்டுவலிக்கு ஒரு வேரின் சாற்றை மாத்திரையாக்கும் கம்பெனி, சோதித்துத் தரச் சொல்லி அவரிடம் வந்தது. அந்தத் தடவை மட்டும் மூன்று நாள் போதும் என்றார் அவர். மூன்றாம் நாளோடு குடுவைகளை நிறுத்தினாள். தீங்கான எதுவும் உண்டாகவில்லை என்று அறிக்கை போயிற்று. கீழே அவர் கையெழுத்து, அதற்கும் கீழே இவள் கையெழுத்து.

நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றபடிதான். முழங்கால் வலி உயிரை வாங்கியது. முதல் டப்பாவை வாங்கி வந்து என் கையில் வைத்தவள் அக்கா. நானே சோதித்தது, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு என்றாள். எட்டு மாதம் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டேன். திறந்தபோது கண் மஞ்சளாக இருந்தது.

கல்லீரல் வீங்கியிருக்கிறது, இன்னும் மோசமானால் மாற்றுக் கல்லீரல்தான் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அக்கா அவரோடு மல்லுக்கு நின்றாள். அதெல்லாம் இருக்காது, நாங்கள் பார்த்த சரக்கு அது என்று. ஆனால் அன்றைக்கே ஆய்வறைக்குப் போய், அதே மாத்திரையைக் கரைத்துக் குடுவைகளில் விட்டு, யாரிடமும் சொல்லாமல் ஏழு நாள் ஓட்டினாள். ஐந்தாம் நாள் தகட்டில் அதுவரை இல்லாத ஒரு புள்ளி வந்தது. அது என்ன பொருள் என்று காட்டும் கருவி மேல்மாடியில் இருந்தது, அதில் கொடுத்துப் பார்த்தாள். கல்லீரலைக் கெடுக்கும் என்று புத்தகத்திலேயே இருக்கிற பொருள்.

பேராசிரியர் பதறிப்போவார் என்று நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள், பைத்தியக்காரி. அவர் தகட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அஞ்சாம் நாள் வரும்னு தெரியும்மா. முன்னாடியே, நீ லீவுல இருந்தப்ப நானே ஓட்டிப் பாத்தேன். அதனாலதான் மூணோட நிறுத்தச் சொன்னேன். மூணு நாள்ல வரலைங்கிறது உண்மைதானே?"

கையெழுத்து அவளுடையதும் இருக்கிறது என்று நினைவூட்டியும் அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், பரிமாறிய பழியை இவள் தலையில் வைத்தார்.

அக்கா பயந்து அடங்கிவிடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். நடந்ததை எல்லாம் எழுதி, தன் கையெழுத்தும் தப்பு என்று ஒப்புக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்கும் மருந்துத் துறைக்கும் கொடுத்தாள். மாத்திரை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். பேராசிரியர்மேல் விசாரணை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உன் அக்காவுக்கு எவ்வளவு துணிச்சல் என்று கடையில்கூட என்னிடம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

மஞ்சள் இறங்கத் தொடங்கிய வாரம் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆளைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் நம்பியதற்குக் கழுத்தை அறுத்துவிட்டான் என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்பவும் ஏழு நாள் பாக்கற நீ. மூணுல நிறுத்துன்னு அவர் சொன்னப்ப உனக்கு ஒண்ணும் தோணலையாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

"தோணுச்சுடி," என்றாள். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நானும் அப்படித்தான்க்கா முழுங்கினேன்," என்றேன். "நீ சொன்னேன்னு."