முப்பத்தேழாம் எண் சி.டி.

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நூலக உதவியாளன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நூலகர், பதிவேட்டில் முப்பத்தேழாம் எண்ணை மட்டும் ஏன் சிவப்பு மையால் அடித்திருக்கிறது, அந்த சி.டி. எங்கே என்று கேட்டார். எனக்கு எதிரில் நின்று பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முன்பிருந்த நூலகர் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த அம்மா தினமும் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் மலையேறி வருவார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டும் என்று கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். நூலகத்துக்குள் வந்ததும் அதை மேசைமேல் வைப்பார். மத்தியானம் அது மோரில் பிழியப்பட்டுவிடும். ஒரு முறை அவர் மூன்று நாள் விடுப்பில் இருந்தபோது, இங்கே ஏற்காட்டில் சில வருடம் படவிழா நடத்தி நிறுத்திவிட்ட குழுவின் செயலாளர் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். விழாவுக்காகப் பல ஊர்க்காரர்கள் அனுப்பிய சி.டி.க்கள். அறையைக் காலி செய்கிறோம், நூலகத்தில் இருக்கட்டும் என்றார். உள்ளே வரும் எந்தப் பொருளுக்கும் முதலில் முத்திரை, பிறகு எண். எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். நூலகத்தின் ஊதா முத்திரையை ஒவ்வொரு சி.டி.யிலும் குத்தி, வரிசையாக எண் ஒட்டிவிட்டேன். பாராட்டு கிடைக்கும் என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வந்த அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, பொண்ணு பாக்கறதுக்குன்னு ஒரு ஊட்டுல போட்டோ குடுத்தா, அதை நாம வாங்கி நம்ம செவுத்துல மாட்டிக்கலாமுங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். படம் எடுத்தவர்கள், பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் என்று அனுப்பியவை இவை. குழுவுக்கே சொந்தமில்லாததை அவர்கள் நமக்குக் கொடுக்க முடியாது. தகடு நம் அலமாரியில் இருக்கலாம். அதற்குள் இருக்கும் படம் எடுத்தவருடையது. அன்றிலிருந்து உறைமேல் இருந்த ஒவ்வொரு முகவரிக்கும் கடிதம் எழுதினார். பதில் வரும்வரை எல்லாம் இரும்பு அலமாரிக்குள். சாவி என்னிடம்.

முப்பத்தேழாம் எண், எங்கள் மாரமங்கலத்துப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்களைப் பற்றிய படம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் ஊரில் தங்கி எடுத்தது. என் மனைவியும் அந்த எஸ்டேட்டில்தான் பழம் பறிக்கிறாள். படம் இங்கே இருப்பதை எஸ்டேட் ஜீப் டிரைவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே அவர் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிட்டார். "எங்க மூஞ்சிய நாங்க பாக்கறதுக்கு யாருகிட்டங்க பர்மிசன் வாங்கோணும்?" என்றார். "மூஞ்சி உங்களுதுதானுங்க. படம் அந்தப் பொண்ணுது. எழுதிப் போட்டிருக்கறேன், பதில் வரட்டும்" என்றார் அம்மா. டிரைவர் போகும்போது என்னைப் பார்த்து, "சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டு அந்தம்மாவுக்குத் தலையாட்டிட்டு நில்லு. பொங்கலுக்குப் பூம்பூம் மாடு தேட வேண்டியதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பதில் வந்த நாள் மழை. அம்மா கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார். மீதியை மனதுக்குள் படித்து மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "அது முதல்ல அவசரமா வெட்டி ஒட்டின படமாமுங்க. அப்புறம் ஒரு அம்மா போன் பண்ணி, 'நான் பேசுனதை எடுத்துடு கண்ணு'ன்னு கேட்டாங்களாம். எடுத்துட்டாங்களாம். முடிச்ச படத்தை அனுப்பறாங்க, எல்லாரும் பாக்கலாம். இதை மட்டும் திருப்பி அனுப்பச் சொல்றாங்க." நிறுத்தி, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்த அம்மா உங்க ஊட்டுக்காரம்மாதானுங்க, பேரு போட்டிருக்காங்க. மறைச்சா நல்லா இருக்காது. நாளைக்கு எனக்கு சேலத்துல மீட்டிங். தபால்ல சேத்துடுங்க" என்றார். சாவியைக் கேட்கவில்லை.

மறுநாள் மழைக்கு ஒருவரும் நூலகத்துக்கு வரவில்லை. சி.டி.யை எடுத்து மேசைமேல் வைத்தேன். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பாள் என்று தோன்றியது. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது என் அண்ணன் வேண்டாம் என்றார். நான் வாய் திறக்கவில்லை. மகள் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். அதைப் பற்றி என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேமராவிடம் கேட்டிருப்பாளோ? கம்ப்யூட்டரின் தட்டைத் திறந்து சி.டி.யை வைத்தும்விட்டேன். உள்ளே தள்ள விரல் போனபோதுதான் அந்த போன் நினைவுக்கு வந்தது. அவளிடம் போன் கிடையாது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டு வாங்கித்தான் பேசியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள். அவள் ரைட்டர் முன்னால் போய் நின்று, சென்னையில் இருக்கும் பெண்ணிடம் இதை எடுத்துவிடு என்று கேட்டிருக்கிறாள். சி.டி.யை எடுத்து உறையில் போட்டு ஒட்டி, மழையிலேயே தபால் ஆபீசுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் அம்மா, "ரசீது எங்கீங்க?" என்று மட்டும் கேட்டார். வாங்கி ஒட்டிவைத்து, பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டார். பார்த்தீர்களா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, ஓய்வுபெற்றுப் போகிறவரைக்கும் கேட்கவில்லை. என்னை நம்பினாரா, இல்லை பார்த்திருந்தாலும் அது என் பாடு என்று விட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குமுன் யாரும் எதையும் அப்படி என் முடிவுக்கு விட்டதில்லை.

முடித்த படம் வந்தபோது நூலகத்துக் கூடத்தில் போட்டோம். ஜீப் டிரைவர் தன் பின்தலையைப் பார்த்துவிட்டு, "அட, பின்னால வழுக்கை வுழுந்துருச்சா! ஒருத்தனும் சொல்லலியே!" என்று கத்தினார். என் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படத்தில் அவள் கைகள் மட்டும் வந்தன. பழம் பறித்தன, கூடையில் போட்டன, போய்விட்டன.

பஸ் இறங்கி நடக்கும்போது கேட்டாள். "அந்தப் பழசைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"சாவி உங்ககிட்டத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"நெசமா?"

தலையாட்டினேன். மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் தொடங்கும் வளைவு வரை முன்னால் நடந்தாள். அங்கே நின்று, கேமராவிடம் சொன்னதை என் முகத்தைப் பார்த்து முழுவதும் சொன்னாள். நான் நினைத்ததும் அதில் இருந்தது, நினைக்காததும் இருந்தது. அடுத்த வாரம் திருப்பூருக்குப் போய் மகளைப் பார்த்தேன். அண்ணனிடமும் பேசினேன்.

இதை எழுதத் தொடங்கியபோது, அவள் அன்று சொன்னதையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். முறத்திலிருந்து நிமிராமலே, "அது வேண்டாமுன்னுதானே அன்னைக்கு அந்த ரைட்டர்கிட்டப் போயி நின்னேன்" என்றாள்.

ஐப்பசி கடைசி ஞாயிறு, காலை.