இட்லிப் புகார்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று மும்பை மாட்டுங்கா வீட்டில் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்ததில் என் மனைவி பொறுமை இழந்துவிட்டாள். அகதிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம் செம்பூரில் இருக்கிறது, தமிழும் இந்தியும் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று அவள்தான் விசாரித்துச் சொன்னாள். வருகிறவர்களுக்கு வாடகைக்கு அறை பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

முதலில் வந்தவர் காபூலைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. கணவர் இல்லை. பத்து வயதில் ஒரு மகள். டிவி சீரியல் பார்த்தே இந்தி கற்றவர். நான் பேசிய இந்தியைக் கேட்டு, மரியாதையாக இரண்டு இடத்தில் திருத்தினார்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்கார அம்மா ஒருவரின் மாடி அறை காலியாக இருந்தது. அகதி என்றால் யார், ஏன் உதவ வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

"டிவில பாத்திருக்கேன் சார். குண்டு போடுத ஊருதான? காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி வரும். எந்திரிச்சிருவாளா?"

எந்திரித்துவிடுவார் என்றேன். அறை கிடைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். "உடனே வாங்க சார். போன்ல சொல்லுத விஷயமில்ல."

அறையைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். வாசலிலேயே என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"தினமும் ரொட்டி சுட்டுக் கொண்டாந்து தாரா சார். பாசமாத்தான் தாரா. ஆனா ஆறிட்டா பல்லு போயிரும் போல இருக்கு. சாம்பார்ல ஊறப்போட்டுத் திங்கோம். வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல? நீங்க பக்குவமாச் சொல்லுங்க."

"நீங்க பதிலுக்கு ஏதாவது கொடுக்கறேளா?"

"வெறுந்தட்டையா திருப்பிக் குடுக்க முடியும்? எட்டு இட்லி வச்சுக் குடுப்பேன்."

இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறினேன். என்னைப் பார்த்ததும் அந்த ஆசிரியை கதவைச் சாத்தினார்.

"நல்ல வேளை வந்தீர்கள். தினமும் எட்டு இட்லி! எங்களுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. அவர் மனம் நோகாமல் சொல்ல முடியுமா?"

"அப்படியானால் நீங்கள் ரொட்டி கொடுப்பதை நிறுத்திவிடலாமே?" என்றேன்.

அவர் இட்லித் தட்டை மூடி வைத்தார். பிறகு, "இங்கே வந்ததிலிருந்து எல்லாரும் எனக்குக் கொடுக்கிறார்கள். பாத்திரம், போர்வை, மகளுக்குப் புத்தகம். நான் கொடுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான்" என்றார்.

கீழே வந்து அதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பிடியா சொன்னா? அப்பக் குடுக்கட்டும். நான் தின்னுக்கிடுதேன். எங்க இட்லி எப்பிடி இருக்காம்?"

"ரொம்பப் பிடிச்சிருக்காம்."

சொல்லி வாய் மூடவில்லை, மேல் ஜன்னலிலிருந்து ஒரு இட்லித் துண்டு எங்கள் நடுவில் வந்து விழுந்தது. பின்னாலேயே நான்கு புறாக்கள். அண்ணாந்து பார்த்தோம். மாடியில் அந்தச் சிறுமி உறைந்து நின்றாள்.

"இருவது வருஷமா யாவாரம் பண்ணுதேன். எங்க இட்லியப் புறா தின்னு இன்னிக்குத்தான் பாக்கேன்" என்று அந்த அம்மா ஏணியில் ஏறினார். நிறுவனத்தின் முதல் தோல்வி என்னால்தான் என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.

உள்ளே இரண்டு பேரும் இந்தியில் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரொட்டி, பல், இட்லி, புறா என்று எல்லாம் வெளியே வந்தது. முதலில் சிரித்தவள் சிறுமிதான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. கீழேயிருந்து வரும் மீன்குழம்பு வாசனைதான் நாக்கில் எச்சில் ஊற வைத்துத் தன்னைத் தினமும் படுத்துகிறது என்று ஆசிரியை ஒப்புக்கொண்டார். அதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அன்றிலிருந்து ரொட்டி சூடாகக் கீழே இறங்குகிறது, குழம்பு மேலே ஏறுகிறது.

அன்று நான் கிளம்பும்போது எனக்கும் மூன்று ரொட்டி கட்டிக் கொடுத்தார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் அவை ஆறிவிட்டன.