கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு

"நோயாளி: பெண், வயது ஐம்பத்தொன்று. அமைதியான சுபாவம். தன் நிலைமை அறியாதவர். விவரங்களை உறவினரிடம் மட்டும் தெரிவிக்கவும்."

இப்படி எழுதி ஸ்கேனுக்கு அனுப்பிய குடும்ப டாக்டருக்குக் கற்பனை வளம் ஜாஸ்தி. அவள் வேலை பார்க்கும் நெசவாலையில் அந்த அமைதியான சுபாவத்துக்கு 'சைரன்' என்று பெயர். தறிகளின் இரைச்சலில் அவள் குரல் ஒன்றுதான் எடுபடும். மற்றவர்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். அதையும் அவள் ஒன்று விடாமல் படித்துவிடுவாள்.

இடது விலாவுக்குக் கீழே வலி. முதல் ஸ்கேனில் மண்ணீரலில் கட்டி தெரிந்தது. அவளிடம் "வாயுதான்" என்று சொல்லி, மருந்து ஏற்றி எடுக்கும் இரண்டாவது ஸ்கேனுக்குக் கூட்டிவந்தார்கள். மருந்து ஊறும்வரை மேசையில் படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் டாக்டரம்மாவிடம் கணவன் வாயசைத்தான்: "எப்படியும் புத்துநோய்தான். ஆபரேஷன் வேணாம். அவகிட்ட சொல்லவும் வேணாம்."

அவளுடைய அண்ணன் தலையாட்டினான்: "பாப்பாவுக்கு மனசு ரொம்பச் சின்னது."

அசைந்தால் படம் கெட்டுவிடுமே என்று பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். படம் முடிந்ததுதான் தாமதம், கையில் குத்தியிருந்த மருந்து ஊசியோடு கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் இருந்த அறைக்குள் நுழைந்தாள்.

"யாருக்குடா மனசு சின்னது?"

அண்ணன் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கண்ணாடி என்ன, கருங்கல் சுவரா?" கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூணு தடவை என்னைக் கேட்டீங்க. நான் சாகுறதுக்கு ஒரு தடவை கேக்கக் கூடாதா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"வாயை மூடுங்க. அம்மா, நீங்க என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டரம்மா திரையைக் காட்டினாள். "புத்துன்னு நான் சொல்லவே இல்ல. மருந்து ஓரத்துலேர்ந்து உள்ள மெதுவா போகுது பாருங்க. ரத்தக்குழாய்லேர்ந்து வளர்ற அபூர்வமான கட்டியா இருக்கலாம். ஊசி குத்திச் சதை எடுத்தா ரத்தம் கொட்டுற ஆபத்து இருக்கு. மண்ணீரலையே எடுத்துப் பரிசோதிச்சாத்தான் நிச்சயமாத் தெரியும்."

"அது இல்லாம இருக்க முடியுமா?"

"முடியும். தடுப்பூசி போட்டுக்கணும், காய்ச்சல் வந்தா உடனே ஓடி வரணும்."

"அப்ப எடுத்துடுங்க."

"கொஞ்சம் யோசிச்சு..." என்றான் கணவன்.

"நீங்க யோசிச்ச லட்சணத்தைத்தான் பாத்தேனே!"

மண்ணீரலை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்த நாளில், முந்திக்கொண்டு எழுந்த கணவனையும் அண்ணனையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள். புற்றுநோய் இல்லை என்று தெரிந்துகொண்டாள். அவர்களிடம் மாலையில் சொன்னாள்.