ஊருக்குக் கேட்காத டிரம்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் நண்பர் ஸ்டீபனின் மாடி வீட்டுக்குப் போனேன். மனிதர் காதில் பெரிய ஹெட்போன், கையில் குச்சி, எதிரே டயர் டியூப் ஒட்டிய பலகைகள், காலடியில் மிதிக்க ஒரு பெடல். கண்ணை மூடிக்கொண்டு விளாசுகிறார்... ரப்பரில் 'தப் தப்' என்பதைத் தவிரச் சத்தமே இல்லை! நல்லாத்தானே இருந்தார், என்ன ஆச்சு இவருக்கு?

அவர் மனைவி மேரி சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். அம்மாடி! உள்ளே ஒரு சினிமாப் பாட்டு. அதோடு சேர்ந்து, ஸ்டீபன் அடிக்க அடிக்க டிரம்ஸ் முழங்குகிறது.

விஷயம் இதுதான். ஸ்டீபன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வரும் சனிக்கிழமை ஒரு மெல்லிசைக் குழுவில் முதன்முதலாக வாசிக்கப் போகிறார். வீட்டில் பழகலாமென்றால், கீழ் வீட்டில் காதர் பாய் — நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். 'பாய் இன்னொரு தடவை புகார் சொன்னால் வீட்டைக் காலி பண்ணு' என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மேரிக்கு ரேடியோ கம்பெனியில் வேலை. சால்டரிங் எல்லாம் தண்ணி பட்ட பாடு. பலகைகளுக்கும் பெடலுக்கும் அடியில் பழைய டெலிபோன் மைக்குகளைப் பதித்தார். கப்பல் சாமான் கடையில் ஹெட்போன் பிடித்தார். பிஸ்கட் டப்பாவுக்குள் ஒயர்களை இழுத்து, இரண்டு சத்தத்தையும் கலக்கும் மிக்ஸரே செய்துவிட்டார்! ஒரு திருகு ரெக்கார்டு பாட்டுக்கு, இன்னொன்று டிரம்ஸுக்கு.

ஸ்டீபன் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். பாட்டு முடிவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். தூக்கம் கலைந்த கண்ணோடு காதர் பாய்.

"இன்னா ஸ்டீபன், மேல மாவு இடிச்சிகினு கீறியா? கட்டில் மேல சுண்ணாம்பு கொட்டுதுபா!"

ஸ்டீபன் முகம் செத்துவிட்டது. கைச் சத்தத்தை அடக்கியவர்கள் கால் சத்தத்தை மறந்துவிட்டார்கள். அவர் பெடலை மிதித்த மிதி, மரத்தளம் வழியாக நேரே பாய் தலையில்! ஹெட்போன் மாட்டியவருக்கு அது எங்கே கேட்கும்?

மேரி பதறவில்லை. ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"பாட்ட இம்மாம் பெருசா வெச்சிகினா உன் அடி உனக்கே எப்டிய்யா கேக்கும்? அதான் ஓங்கி ஓங்கி மிதிக்கிற."

பாட்டுத் திருகை இறக்கி, டிரம்ஸ் திருகை ஏற்றி, ஹெட்போனை ஸ்டீபன் காதில் மாட்டினார். "இப்ப மெதுவா மிதி."

ஸ்டீபன் லேசாக மிதித்தார். காதுக்குள் இடி மாதிரி விழுந்ததாம்.

எனக்கு ஒன்று தோன்றியது. ஆபீஸில், மேடையில், வீட்டில்... கத்துகிறவர்கள் எல்லாருமே தங்கள் குரல் தங்களுக்கே கேட்காதவர்கள்தானோ? மேரியின் டப்பாவை ஊருக்கே ஆளுக்கொன்று கொடுக்கலாம்.

பாய் மட்டும் நம்பவில்லை. "நான் போய் படுக்கறேன். சத்தம் வந்துச்சு... வூட்டுக்காரர் கைல சொல்லிடுவேன், ஆமா!" என்று இறங்கிப் போனார்.

ஸ்டீபன் வாசித்தார். நானும் மேரியும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. கீழேயிருந்து வந்தது... பாயின் குறட்டை!

மேரி சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டுக் குறட்டைக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்ன பெண்மணியை அன்றுதான் பார்த்தேன்!