கழுதைக்குக் கொடுத்த மந்திரம்

பழிவாங்கிய கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் மனம் திருந்திவிடுவார்கள். நான் திருந்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கென ஒரு பொது அறை உண்டு. ஞாயிறு இரண்டு மணிக்குச் சாவியை வாங்கினால் ஆறு மணிக்குக் கூட்டித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் நாங்கள் நான்கு பேர் விளையாடுவோம். ஒரு மேசை, பகடைகள், ஆளுக்கொரு தாள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, குகைக்குள் போனோம், பூதம் வந்தது என்று வாயாலேயே கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. பூதத்தின் அடி பட்டதா தவறியதா என்பதைப் பகடை சொல்லும்.

கதையை நடத்துபவர் கணினி திருத்தும் அண்ணை ஒருவர். அவருடைய மனைவியின் தம்பிதான் எங்கள் மந்திரவாதி. நெருப்பு மழை பொழிவார். கோயம்புத்தூரிலிருந்து இங்கே பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்த பெண் வாள்வீராங்கனை. நான் பூசாரி. காயம் ஆற்றும் மந்திரங்கள் என்னுடையவை.

எனக்கு வேலையும் அதுதான், முதியோர் இல்லத்தில். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். இல்லத்தில் நான் கட்டுப் போடுகிற புண் ஆற வாரக்கணக்காகும், சிலது ஆறுவதே இல்லை. இந்த மேசையில் நான் ஒரு மந்திரம் சொன்னால், செத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நிற்பார். அதற்காகவே மூன்று வருடம் அந்தப் பூசாரியை வளர்த்தேன்.

மந்திரவாதி வாரம் முழுக்கக் கார் ஓட்டப் பழக்குகிறவர். யார் முதலில் போகலாம், யார் நிற்க வேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்லியே பழகிய வாய். ஒரு ஞாயிறு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளோடு வந்தார். மேலே கொட்டை எழுத்தில் ‘சமநிலை’ என்றிருந்தது.

"அக்கான்ர பூசாரிக்கு மந்திரமும் இருக்கு, இரும்புக் கவசமும் இருக்கு. என்ர ஆள் வெறும் அங்கியோட நிக்கிறான். இது நியாயமோ?" என்றார்.

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் அவருக்கு நாளுக்கு ஒரு நெருப்புத்தான். அதை விட்டபிறகு கல்லெறிந்துகொண்டு நிற்பார். ஆனால் மந்திரவாதி மெல்ல வளர்ந்து கடைசியில் எல்லோரையும் மிஞ்சுவான், பூசாரி ஒரே சீராக இருப்பாள் என்பதுதான் அந்த விளையாட்டின் ஏற்பாடு. அன்றைக்கு அவர் ஒரே மூச்சில் ஒரு படையையே எரிக்கும் நிலைக்கு வந்திருந்தார். பழைய குறையை மட்டும் விடவில்லை. அவருடைய தாளில் நான் ஆற்றிய காயங்கள் எல்லாம் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் அவருடைய காயங்கள் என்பது மட்டும் இல்லை.

காயம் ஆற்றும் மந்திரம் நாளுக்கு நான்கு முறை என்றிருந்ததை ஒரு முறை ஆக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் நெருப்பையும் ஒன்றாகக் குறையுங்கள் என்றேன். சிரித்தார்.

"நெருப்புக்கு மூளை வேணும் அக்கா. எங்க நிக்கிறது, எப்ப விடுறது எண்டு யோசிக்கோணும். காயத்துக்குத் துணி சுத்திறதுக்கு என்ன வேணும்? நீங்கள் வேலையிலயும் அதைத்தானே செய்யிறியள்."

முதல்நாள்தான் ஒரு கிழவரின் குதிகால் புண்ணுக்கு, அவர் ஒரு முறைகூட முனகாதபடி, முக்கால் மணி நேரம் குந்தியிருந்து கட்டுப் போட்டிருந்தேன். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

நால்வர் சேர்ந்தாலே கூட்டம் என்று ஆக்கி, வாக்கெடுத்து, அதைப் புரோட்டோகோல் என்று கூட்டக் குறிப்பாக எழுதி வைக்கிற வியாதி இந்த நாட்டில் எங்களுக்கும் தொற்றிவிட்டது. கையெழுத்து அழகு என்று கொப்பி என்னிடம். மச்சானும் மச்சானும் கை தூக்கினார்கள். கோயம்புத்தூர்ப் பெண் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவள் யார் பக்கமும் சாயவில்லை. நான் எதிர்த்தேன், தோற்றேன். அவருக்கு அதுவும் போதவில்லை. நான் வாராவாரம் முறையிடுவேன் என்று பயந்து, இந்த விதியை நால்வரும் சம்மதித்தால் மட்டுமே மாற்றலாம் என்று இன்னொன்றையும் நிறைவேற்றினார். இரண்டையும் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று ஞாயிறு காத்திருந்தேன். நான்காவது ஞாயிறு, மலைப்பாதையில் எங்கள் சாமான் சுமக்கும் கழுதையின் காலில் முள் கீறியது. என் ஒற்றை மந்திரத்தைக் கழுதைக்குச் சொன்னேன்.

"அக்கா, ஆர் யூ ஷ்யூர்? சின்ன ஸ்கிராட்ச்தானே?" என்றாள் வாள்வீராங்கனை.

"பாவம், வாயில்லாச் சீவன்," என்றேன். மந்திரவாதி விழுந்து விழுந்து சிரித்தார்.

கால் மணி நேரத்தில் பூதம் வந்தது. அதன் கல் மந்திரவாதியின் மார்பில் விழுந்தது. இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, மூன்று சுற்றுக்குள் காப்பாற்ற வேண்டும் என்றார் அண்ணை.

"அக்கா, கெதியா எழுப்புங்கோ!"

"ஏலாது தம்பி. பாவிச்சிட்டன்."

"ஆருக்கு?"

"கழுதைக்கு."

அவர் அண்ணையைப் பார்த்தார். "அத்தான், ஒருக்கா மட்டும் விடுங்கோவன்." நான் கொப்பியைத் திறந்து, அவருடைய இரண்டு தீர்மானங்களையும் கையெழுத்துகளோடு வாசித்தேன். எழுதி வைத்ததை மீற அண்ணைக்குத் துணிவில்லை. வாள்வீராங்கனை துணி சுற்றிப் பார்த்தாள். பழக்கமில்லாத கை என்பதால் இருபது முகப் பகடையில் பதினைந்தாவது விழ வேண்டியிருந்தது, நான்குதான் விழுந்தது. என் பழகிய கை பூதத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. மந்திரவாதி செத்தார். நான் தேத்தண்ணியோடு தின்ன வைத்திருந்த இறைச்சி ரோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஆறிப்போயிருந்தாலும் அதைப்போல ருசியான ஒன்றை நான் தின்றதில்லை.

நாளுக்கு ஒரு காயம் மட்டும் ஆற்றினால் கூட்டம் பிழைக்காது, இன்னொரு பூசாரி வேண்டும் என்றார் அண்ணை. செத்தவர்தானே புது ஆள் எடுக்க வேண்டும்! அவரே பூசாரியானார். நான்கு ஞாயிறு ஒரே ஒரு மந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் காப்பது, யாரை விடுவது என்று வியர்த்தார். பிறகு இன்னொரு பிளாஸ்டிக் உறையில் அன்ட்ராக் என்கிற தீர்மான விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்தார்: பழையபடி நான்கு முறை.

"அக்கா, அண்டைக்கு நான் கதைச்சது பிழை," என்றார். "இது லேசான வேலை இல்லை எண்டு இப்பதான் விளங்குது."

நான் கேட்க ஆசைப்பட்டது அந்த வார்த்தையைத்தான். மூன்று கைகள் உயர்ந்தன. என் கை மடியிலேயே கிடந்தது.

"உங்களுக்கும் லாஸ்தானே அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ஓம்," என்றேன். நால்வரும் சம்மதிக்காததால் நிராகரிக்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்துக்குப் பேனையை அவர் பக்கம் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு என் பூசாரி விழுந்தாள். அவர் கையில் அன்றைய மந்திரம் மிச்சமிருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"கழுதை எங்க நிக்குது?" என்று கேட்டார்.

மூன்று வருடப் பூசாரி மூன்று சுற்றில் போனாள். அழுகை வந்தது, ஆனால் குறை சொல்ல மாட்டேன். இப்போது என் தாளில் மந்திரவாதி. புது ஆள் என்பதால் இப்போதைக்கு நாளுக்கு ஒரு நெருப்புத்தான். எங்கே நிற்பது, எப்போது விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.