ரோசம்மா சொன்ன பனி

ருவான்வெல்லையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், வெயில் உள்ளே வருவதற்கு ரப்பர் மரங்களிடம் அனுமதி கேட்கும் ஒரு தோட்டம் வரும். அங்கே ஸ்டோரில் ஸ்டீபனுக்கு நுரை வழிக்கும் வேலை. பால் வெட்டுகிறவர்கள் காலையில் வாளி வாளியாகக் கொண்டுவரும் ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீரும் அசிட்டும் கலந்து தட்டுகளில் ஊற்றுவார்கள். அது உறைவதற்குள் மேலே பொங்கும் நுரையை ஒரு சட்டத்தால் வழித்துவிட வேண்டும். விட்டால் ஷீட்டில் குமிழ் விழும். குமிழ் விழுந்தால் தோட்டத்துத் துரையின் வாயிலிருந்து வேறு ஏதாவது விழும்.

பதினைந்து வருஷம் வெள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு என்ன ஆகும்? சிலருக்குக் கண் கெட்டுப்போகும். ஸ்டீபனுக்குக் கனவு பிடித்துக்கொண்டது. ஸ்டோர் ஜன்னலில் சாய்வாக வரும் ஒன்பது மணி வெளிச்சத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெள்ளை நாடு எழும்பும். அதில் குன்றுகள், பள்ளங்கள், யாரும் இன்னும் கால் வைக்காத ரோடுகள். அவன் அதைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு சட்டத்தால் ஒரே இழுப்பில் அந்த நாட்டை இல்லாமல் செய்வான். சம்பளம் அதற்குத்தான்.

சந்தையில் ஒரு படம் வாங்கி, குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் ஒட்டியிருந்தான். வெள்ளை மலை, சிவப்புக் கூரை வீடு, புகைக்கூண்டில் நூல் போலப் புகை. பக்கத்தில் இயேசு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தை இருவரும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கூரைத் தகரத்தில் மூன்று ஓட்டைகள் இருந்ததால் மழை நாளில் பனிமலைக்குக் கீழே ஒரு வாளியும் நிற்கும்.

தொண்ணூற்றொன்பதில் அவன் மனைவி ரோசம்மா வெளிநாடு போவதென்று முடிவானது. வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜன்ட் சுமனபால மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னான். குவைத், சவூதி, லெபனான். முதல் இரண்டும் வெயில் நாடு. மூன்றாவதில் மலை உண்டு, மலையில் பனி கொட்டும் என்றான். ஸ்டீபன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"நீ வெயில்ல காய வேணாம், ரோசம்மா," என்றான். தன்னுடைய ஆசையை வேறொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

அவள் போனாள். பெய்ரூட்டுக்கு மேலே, மேகம் வந்து முகம் துடைத்துவிட்டுப் போகும் உயரத்தில் ஒரு கல் வீடு. இங்கே ஸ்டீபனும் ஆறு வயது மகள் சரோனும்.

தொலைபேசி அப்போது துரை பங்களாவிலும் ஆபீசிலும் மட்டும் இருந்தது. அதனால் கேசட். லீவில் வரும் கேகாலைப் பெண் யாராவது சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவருவாள். பத்துக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நின்ற அந்த லயத்தில் கேசட்டுக்கு ஒரு முறை உண்டு. யார் வீட்டுக்கு வந்தாலும் அது பத்துக் காம்பராவுக்கும் வந்ததுதான். டேப் ரெக்கார்டரை வாசலில் ஒரு பெட்டி மேல் வைத்து எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். தனியாகக் கேட்பது, கதவைச் சாத்திக்கொண்டு கோழிக்கறி தின்பதற்குச் சமம்.

ஸ்டீபன் பேசி அனுப்பிய முதல் கேசட்டில் முதல் கேள்வியே, "பனி எப்படி இருக்கு?" என்பதுதான். சுகமா என்பது மூன்றாவதாக வந்தது.

ரோசம்மா பதில் பேசச் சமையலறைக்குப் பின்னால் இருந்த தன் சின்ன அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கும்போது விரல் வெடிப்பு எரிந்தது. உள்ளதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் பத்துக் காம்பராவும் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. முன் வரிசையில் பக்கத்து வீட்டு ஜெயம்மா. அவள் மடியில் சரோன். ஓரத்தில் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டீபன்.

"பஞ்சு மாதிரி விழுதுங்க," என்றாள். "சத்தமே இல்ல. மரமெல்லாம் வெள்ளையா நிக்குது. நம்ம ஸ்டோரு நுரைய யாரோ ஆகாசத்துல இருந்து வழிச்சு விட்ட மாதிரி."

அதைக் கேட்ட மறுநாள் ஸ்டீபன் நுரையை மிக மெதுவாக வழித்தான். துரைக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கேள்விகள் போயின, கேசட்டுகள் வந்தன. பனிக்கு ருசி உண்டா? உண்டு, காலைக் காற்றின் ருசி. காகம் உண்டா? உண்டு, தனியாக நிற்கும், கல்யாண வீட்டில் கறுப்புக் குடை மாதிரி. ஜெயம்மாவுக்கு அழகெல்லாம் வேண்டாம், விவகாரம் வேண்டும். மழை வந்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்கு முழு நாள் பேர் விழாது, அரை நாள் கூலியான அரைப் பேருக்கே மல்லுக்கட்ட வேண்டும். "பனி விழுந்தா வேல உண்டா, இல்லாட்டி அரைப் பேராச்சும் போடுவாங்களான்னு கேளு ஸ்டீபன்," என்றாள்.

பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. "பனி விழுந்தா எல்லாரும் வீட்டுக்குள்ளயே இருப்பாங்கக்கா. அடுப்பப் போட்டுக்கிட்டு, கஸ்தான் கொட்டை சுட்டுத் தின்னுக்கிட்டு." இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த எல்லாரிலும் ரோசம்மா சேர்த்தி இல்லை, அவ்வளவுதான்.

"பாரேன், அந்த ஊர் வானத்துக்கு இருக்கிற ஈவு நம்ம வானத்துக்கு இல்ல," என்று ஜெயம்மா வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கொழும்பு வானொலி சப்ரகமுவவில் மழை என்றால் நம்பாதவர்கள், ரோசம்மா மலையில் பனி என்றால் சட்டையை இறுக்கிக்கொண்டார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, மரங்களுக்கு நடுவே பனிப்புகை இறங்கினால் எல்லோரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார்கள். எதையோ எதிர்பார்ப்பது போல. கங்காணியும் நின்றார். தனக்கு வேலை இருப்பது அவருக்கு நினைவு வர ஒரு நிமிஷம் ஆகும். ஏழாவது கேசட்டில் நிலா வெளிச்சத்துப் பனி வந்தது. அதை மேல் டிவிஷன்காரர்கள் இரவல் வாங்கிப் போய்க் கேட்டார்கள்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் நாலு வருஷமானது. இரண்டாயிரத்து மூன்று நவம்பரில் ரோசம்மா வந்து இறங்கினாள். பதினொரு கேசட்டுகள் பிஸ்கட் டின்னில் அவளுக்காகக் காத்திருந்தன.

வந்தவள் வெயிலில் உட்கார்ந்தாள். காலையில் வாசலில், மதியம் கொய்யா மரத்தடியில், சாயங்காலம் வெயில் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே. "பனிக்காரி, ஒரு கத சொல்லு," என்று லயம் கேட்டது. "ஆமாக்கா, சொல்றேன்," என்றவள் சொல்லவில்லை. ஸ்டீபனோடும் பேச்சு ஓடவில்லை. நாலு வருஷமாகச் சுழலும் நாடாவோடு பேசிப் பழகியவர்களுக்கு, எதிரே ஒரு முகம் இருப்பது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

ஸ்டீபன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓட்டைத் தகரம், வாளி, வெயிலில் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவி. அவள் மனம் அங்கேயே தங்கிவிட்டதென்று முடிவு கட்டினான். அவளைத் திரும்ப அனுப்ப அவனுக்கு மனம் கேட்கவில்லை. ஆனாலும் துணிந்தான்.

டிசம்பரின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் சொன்னான். "சுமனபாலகிட்ட உன் பாஸ்போட்டக் குடுத்துட்டேன். அதே வீடுதான். ஜனவரி பொறந்ததும் போயிரலாம், பனி முடியறதுக்குள்ள."

ரோசம்மா நடையை நிறுத்தினாள். "யாரு போகணும்னு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியாதா?"

"நான் போகலங்க."

"எங்களுக்காகச் சொல்லாத. நானும் சரோனும் இருந்துக்குவோம்." தியாகம் செய்கிறவர்களிடம் வாதாடுவதைவிடக் கஷ்டம் உலகத்தில் குறைவு.

அவள் ஜெயம்மாவிடம் முறையிட்டாள். ஜெயம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து ஐந்தாம் கேசட்டைப் போட்டுக் காட்டினாள். "இந்த ஊருல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க," என்றது ரோசம்மாவின் குரல், தேன் மாதிரி.

"இது யாரு பேசுறது, நானா?" என்றாள் ஜெயம்மா.

அந்தச் சனிக்கிழமை மீன் லொறி வந்தது. ரோசம்மா மீன் வாங்கவில்லை, ஒரு வாளி ஐஸ் வாங்கினாள். அதில் தண்ணீரை ஊற்றி, சரோனின் ஸ்கூல் உடுப்பைப் போட்டு, ஸ்டீபனைக் கூப்பிட்டாள். "இதக் கசக்கிப் பிழிங்க. கைய வெளிய எடுக்கக் கூடாது."

அவன் கையை விட்டான். நடுப்பகல் வெயில் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடினான். முகத்தில் பரவியது வேதனை இல்லை. "நல்லாத்தான் இருக்கு, ரோசம்மா," என்றான். "இப்பத்தான் புரியுது."

லயமே வரிசையில் நின்று வாளிக்குள் கை விட்டது. பிள்ளைகள் மீன் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் ஐஸை எடுத்துச் சப்பினார்கள். அவளுடைய ஒரே சாட்சி கால் மணி நேரத்தில் உருகி, கொய்யா மரத்துக்கு உரமாகப் போனது.

செவ்வாய்க்கிழமை, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, ரோசம்மா காம்பராவில் தனியாக டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். புதுக் கேசட் இல்லை. டின்னில் கை விட்டு எடுத்தது ஏழாவது. தயங்கினாள். பிறகு அதையே போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பேச்சு தானாக வந்தது. முடிந்ததும் நாடாவைத் திருப்பிச் சுற்றி வைத்துவிட்டு, "அப்பா வந்தா இதப் போட்டுக் கேக்கச் சொல்லு," என்று, அப்போதுதான் ஸ்கூல் விட்டு வந்த சரோனிடம் சொன்னாள். எதிரே இருக்கப் பயந்து, துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போனாள்.

கேசட் என்றால் ஸ்டீபனுக்கு ஒரே முறைதான் தெரியும். பெட்டியை வாசலில் வைத்தான். ஊரைக் கூப்பிட்டான்.

ஈரத்துணியோடு மேலே ஏறி வந்தவளுக்கு முதலில் தன் குரல்தான் கேட்டது. பிறகுதான் பத்துக் காம்பராவும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கொய்யா மரத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, நான்தான். நீங்க முன்னால இல்லாதப்பதான் எனக்குப் பேச்சு வருது. பனி நல்லா இருந்துச்சுன்னு சொன்னது முழுப் பொய் இல்ல. மொத நாளு கால் மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மேடம் பனி அள்ளுற சவளக் கையில குடுத்துச்சு. வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் இருவத்திமூணு படி. மிஸ்டர் ஏழு மணிக்குக் கார் எடுக்கணும், அதுக்குள்ள வழிக்கணும். கடேசிப் படி வழிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா மொதப் படி மறுபடியும் வெள்ளையா இருக்கும். நீங்களும் நுரை வழிக்கிறீங்க. பால் உறைஞ்சா உங்க வேல முடிஞ்சிரும். இது முடியாதுங்க.

"கையொற கெடையாது. அவங்க புள்ளயோட பழைய காலொறையக் கையில மாட்டிக்கிட்டேன். வெடிப்புல சோப்புத் தண்ணி பட்டா உசுரு போகும். மழ வந்தா தகரத்துல சொல்லிட்டு வரும். பனி சொல்லாம வரும். காலையில கதவத் தொறந்தா வழிய மறிச்சிக்கிட்டு நிக்கும். நாலு வருஷமா என்கூட நெறவா யாரும் பேசல, அதுவும் பேசல. நீங்க ஆசையாக் கேட்டீங்க, பஞ்சுன்னு சொன்னேன். இப்ப அந்தப் பஞ்சுக்குள்ள என்னைய வச்சுத் தச்சு அனுப்பப் பாக்குறீங்க. நான் போகலங்க. என்னைய அனுப்பாதீங்க."

ஒரு கிளிக் சத்தம். அவள் பேசியது அவ்வளவுதான். ஆனால் நாடா நிற்கவில்லை. அவள் அழித்ததற்கு மேல் மிச்சமிருந்த பழைய குரல், எதுவும் நடக்காதது போல, பாதியிலிருந்து தொடர்ந்தது. "...நிலா வெளிச்சத்துல பனி நீலமாத் தெரியுதுங்க. கண்ணு கூசுது. நீங்க பக்கத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்..."

இரண்டு ரோசம்மாக்களுக்கு நடுவே லயம் உட்கார்ந்திருந்தது. ஸ்டீபன் கையை நீட்டியும் பொத்தானை அமுக்க மனம் வராமல், நிலா வெளிச்சம் முடியும் வரை கேட்டான். பிறகு அணைத்தான்.

"அப்ப அரைப் பேர் கூடப் போடல, பாவிங்க," என்றாள் ஜெயம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் விடிந்ததும் ஸ்டீபன் வேலைக்குப் பேர் கொடுக்காமல் முதல் பஸ் ஏறினான். சுமனபால அப்போதுதான் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பாஸ்போட்டக் குடுங்க, சுமனபால மாத்தயா. அவ போகல."

சுமனபால சிங்களத்தில் சிரித்தான். "என்ன இது, எல்லாம் சரியாகிவிட்டது. அந்த வீட்டில் உன் நோனாவைத்தான் கேட்கிறார்கள். நல்ல வேலைக்காரி, ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லையாம்."

"அதேதான்," என்றான் ஸ்டீபன், அவனும் சிங்களத்தில். "என்னிடமும் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. கொடுங்கள்."

மூன்று மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். ஆட்கள் வந்தார்கள், ஆலோசனை சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சுமனபால மேசை லாச்சியைத் திறந்து, "ஹரி, ஹரி, சரி, கொண்டுபோ," என்று பாஸ்போர்ட்டைத் தூக்கி அவன் மடியில் போட்டான்.

அவன் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பால் வெட்டு நின்று, எல்லோரும் நேரத்தோடு வீடு திரும்பியிருந்தார்கள். ரோசம்மா அடுப்படியில் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மீண்டும் வெங்காயத்தைப் பார்த்தாள். தகரம் இரைந்தது. எதிரெதிரே பேச இருவருக்கும் பழக்கம் இல்லை.

ஸ்டீபன் பலகையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். தலையைத் துவட்டினான். நெடுநேரம் யோசித்து ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தான்.

"அங்க நீ என்ன சாப்பிட்ட?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நாலு வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. முதல் நாள் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.